மயில் தோகைக்குப் பின்னால் என் மச்சினன்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சிக்கு மயில் படம் எடுக்க நான் கிளம்பியதற்குக் காரணம் என் மாமனார் வீட்டுச் சுவர்.

அந்தச் சுவரில் ஆறு வருடமாக நான் எடுத்த மீன்கொத்தி படம் மாட்டியிருந்தது. மேலப்பாளையத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க பாஸ்போர்ட் அளவில் மனித முகங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகள். குடும்பத்தில் கேமரா பிடிக்கிறவன் என்றால் அது நான்தான் என்று பதினோரு வருடமாக ஒரு பெயர் இருந்தது. இந்த வருடம் பெருநாளன்று மாமனார் வீட்டுக்குப் போனால் மீன்கொத்தி இருந்த இடத்தில் ஒரு மயில் நிற்கிறது. மூன்றடிக்கு இரண்டடி. தேக்குச் சட்டம். தோகை முழுசாக விரிந்து, கண்ணுக்குள் சூரியன் ஒரு புள்ளியாகத் தெரிய, நேராக என்னையே முறைத்துக்கொண்டு. மீன்கொத்தியைத் தேடினேன். அடுப்படிக்குப் போகிற வழியில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், காலண்டருக்குக் கீழே இருந்தது.

"சிராஜ் எடுத்தது. நோன்போட போயி எடுத்திருக்கான் பாத்துக்கோங்க" என்றார் மாமியார்.

சிராஜ் என் மனைவியின் தம்பி. ஷார்ஜாவில் வேலை. மூன்று மாத லீவில் வந்திருந்தான். வரும்போது கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கி வந்திருந்தான். கேமரா பிடிக்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஷட்டர் வேகம் என்றால் என்ன என்று போனில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பிரியாணியில் எனக்கு உப்பே தெரியவில்லை.

லென்ஸைக் குறை சொல்லலாம் என்றால் அதுவும் முடியவில்லை. என்ன லென்ஸ் வைத்திருந்தாலும் ஆண் மயில் எட்டடி தூரத்தில் வந்து நின்று முறைக்காது. எங்கள் பக்கத்து மயில்கள் ஆளைக் கண்டால் முதலில் நடக்கும், அப்புறம் ஓடும், கடைசியில் மனசில்லாமல் பறக்கும். எனக்குக் கிடைத்த மயில் படங்களில் பாதிக்கு மேல் பின்பக்கம்தான். "எப்படிலே எடுத்த?" என்று கேட்டேன். சிரித்தான். "அடுத்த சனிக்கிழமை போறேன். கூட வாங்க மச்சான், காட்டுதேன்" என்றான். அப்படித்தான் பெருநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை, பங்குனி வெயிலில், இந்தப் பயணம் தொடங்கியது.

பஜ்ர் தொழுகை முடிந்து ஐந்தரைக்கு மேலப்பாளையத்திலிருந்து என் பைக்கில் கிளம்பினோம். முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சி முப்பத்தைந்து கிலோமீட்டர். சேரன்மகாதேவியில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். நல்ல டீ. பைக் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம்; திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசம் பஸ் அடிக்கடி உண்டு. ஆனால் முதல் வெளிச்சத்துக்கு வயலில் இருக்க வேண்டுமென்றால் முந்தின நாளே அம்பாசமுத்திரத்தில் வந்து தங்கிவிடுவது நல்லது. நாங்கள் சனி இரவு தங்கிய லாட்ஜில் இருவர் அறைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். மின்விசிறி சத்தம் போடும், தண்ணீர் தாராளம்.

வழியெல்லாம் சிராஜ் பின்னால் உட்கார்ந்து ஒரு நீளமான துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தான். ஆற்றங்கரைக்கு மேலே முள் மண்டிய உடைமரக்காடு ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தியதும் பையைப் பிரித்தான். உள்ளே பழைய குடை ஒன்று. துணியைக் கிழித்துவிட்டு, கம்பிகளில் வரிசையாக மயில் இறகுகளைக் கட்டியிருந்தான். கீழே உதிர்ந்து கிடந்தவற்றைப் பொறுக்கியது என்றான். குடையை விரித்தால் அசல் மயில் தோகை. நடுவில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

"அமெரிக்காவுல காட்டு வான்கோழி வேட்டைக்கு இப்படித்தான் போறாங்க மச்சான். வான்கோழி வால் விசிறியை முன்னால பிடிச்சுக்கிட்டு தவழ்ந்து போறது. நம்ம எடத்துல எவன்டா புது ஆளுன்னு சேவல் சண்டைக்கு ஓடி வரும். வீடியோவுல பாத்தேன்."

எனக்கு அந்த யோசனை வரவில்லையே என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அதை மறைத்துக்கொண்டு, "ஆபத்து இல்லையாலே?" என்று கேட்டேன்.

"இங்க யாரு துப்பாக்கியோட அலையுதா?" என்று சிரித்தபடி குனிந்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.

மயில் அகவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உடைமரங்களுக்கு நடுவே வெட்டவெளியாக ஒரு மேடு. அதில் ஒரு சேவல் மயில், இரண்டு பேடைகள். நான் ஒரு மரத்தடியில் படுத்துவிட்டேன். சிராஜ் தோகைக் குடையை முன்னால் பிடித்து, முழங்காலால் நகர்ந்து நகர்ந்து போனான். அவ்வப்போது குடையை லேசாக உதறினான். இறகுகள் சலசலத்தன. சேவல் கழுத்தைத் தூக்கியது. நான் இத்தனை வருடத்தில் பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. அந்த மயில் ஓடாமல் எங்களை நோக்கி நடந்து வந்தது. வந்து, பத்தடியில் நின்று, தோகையை விரித்து, உடம்பெல்லாம் நடுங்க ஆடியது. சிராஜின் கேமரா படபடவென்று பேசியது. என் கேமராவில் விழுந்ததெல்லாம் சிராஜின் முதுகு.

எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் கட்டுரையில் இந்த வார்த்தை இன்னொரு முறையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எரிச்சலோடு படுத்திருந்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். மயில் அவனைப் பார்த்து ஆடத் தொடங்கியதும் இரண்டு பேடைகளும் முள்ளுக்குள் ஓடிப் போய்விட்டன. அரைமணி கழித்தும் அது அங்கேயே நின்றது. வெயில் ஏறிவிட்டது. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. இரண்டு முறை பாய்ந்து வந்து காலால் குடையை எத்தியது. எத்திவிட்டு எதிரி ஏன் ஓடவில்லை என்று புரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. சிராஜ் குடையை மறுபடி உதறினான். மறுபடி பாய்ந்தது.

நான் பைய ஊர்ந்து போய், "போதும்லே. அது களைச்சுப் போச்சு. பேடையும் ஓடிட்டு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் மச்சான். கால் தூக்கும்போது ஒண்ணு கிடைச்சா போதும்."

"அது உன்னைய மயிலுன்னு நெனச்சு சண்டை போடுது. நீ ஓடவும் மாட்டேங்க, திருப்பி எத்தவும் மாட்டேங்க. இது என்ன நியாயம்?"

"நாம என்ன கொல்லவா செய்யுதோம்?" என்றவன், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பொறாமையா மச்சான்?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அவன் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருந்ததால் நான் சொன்னதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. அந்தப் படம் எனக்குக் கிடைத்திருந்தால் மயிலின் மூச்சைப் பற்றி நான் பேசியிருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பத்து மணிக்கு மேல் வயல் பக்கம் வந்தோம். கன்னடியன் கால்வாய்க் கரையை ஒட்டிப் பெரும்பாலான வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. ஒரு வயலில் மட்டும் பின்தங்கி நட்ட பிசானப் பருவத்து நெல் இன்னும் நின்றது. அதன் வரப்பில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பெயரைப் பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்வோம், அசல் பெயர் வேண்டாம். குத்தகைக்கு எடுத்து, கணவரும் அவருமாகப் பயிர் செய்கிறார்கள். எங்கள் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்ததும் அவரே பேச்சுக் கொடுத்தார்.

"மயிலைப் படம் எடுக்கவா வந்திருக்கிய? எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எடுத்துட்டு, அதுகளையும் கையோட கூட்டிட்டுப் போயிருங்க."

"ரொம்பச் சேதமா?" என்று கேட்டேன்.

"ஊரெல்லாம் அறுத்தாச்சு. என் வயலு ஒண்ணுதான் நிக்கி. அம்புட்டும் இங்கனதான் வந்து விழுது. திங்கிறதை விட மிதிக்கிறது கூட. அடிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாதுன்னுட்டாங்க. கல்லை எறிஞ்சு, பக்கத்துல விழுற மாதிரி பாத்து எறிஞ்சு, எங் கையே போச்சு."

இடுப்பில் உண்டிவில் ஒன்றைச் செருகியிருந்தார். கவட்டைக் கம்பும் ரப்பரும் வைத்த சாதாரண உண்டிவில். முந்தியில் சரளைக் கற்கள் கனத்தன. நான் அதைப் பார்த்தேன். சிராஜ் பார்க்கவில்லை, வயலுக்குக் கிழக்கே இருந்த உடைப்புதர்களையும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் ஆற்றில் குளித்தோம். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் பங்குனியிலும் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. படியில் பாசி வழுக்கும், குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனம். வீட்டுக்கு அப்பளம் இரண்டு கட்டு வாங்கினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சிராஜ் காலைப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டிருந்தான். ஊரிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"தம்பி போட்ட படத்தைப் பாத்தீங்களா? என்ன அழகு!"

"பக்கத்துலதான இருந்தேன்."

"அப்ப நீங்க எடுத்ததை அனுப்புங்க."

"சார்ஜ் இல்ல" என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் லாட்ஜில் நான் ஒரு வேலை செய்தேன். அந்த வான்கோழி விசிறி வேட்டையைப் பற்றித் தேடிப் படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன், மறைக்கவில்லை. கிடைத்தது. வேட்டையாடுகிறவர்களே இதை ஆபத்து என்று எச்சரிக்கிறார்கள். விசிறிக்குப் பின்னால் மனிதன் இருப்பது இன்னொரு வேட்டைக்காரனுக்குத் தெரியாது. வான்கோழி என்று நினைத்துச் சுட்டுவிடுவான். அதோடு, சண்டைக்கு வருகிற பறவையை ஏமாற்றிச் சுடுவது ஆண்மையா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை ஓடுகிறது. சிராஜிடம் காட்டினேன். படித்துவிட்டு, "மச்சான், நீங்க எனக்காக இம்புட்டுத் தேடுறிய பாருங்க" என்று என் தோளில் தட்டிவிட்டுத் தூங்கப் போனான். கிண்டலா பாசமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு முன்பே பேச்சியம்மாளின் வயலுக்கு வந்துவிட்டோம். யாரையும் காணோம். "அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்லே. வரட்டும்" என்றேன். "அதுக்குள்ள வெளிச்சம் போயிரும் மச்சான். நேத்தே எடுத்துக்கிடச் சொன்னாங்கல்லா?" என்றான். படம் எடுக்கச் சொன்னார், சரி. குடையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாதே. இதைச் சொன்னால் மறுபடி பொறாமையா என்று கேட்பானோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அப்போதுதான் பிறகு நடந்தது புரியும். வயலுக்குக் கிழக்கே உடைப்புதர். மேற்கே கால்வாய்க் கரை. சிராஜ் நடுவரப்பில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, மேற்கே பார்த்துக் குடையை விரித்து உட்கார்ந்தான். படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் பொருள் மேல் விழ அதுதான் சரியான இடம். நான் வடக்கே, அறுத்த வயலில் கிடந்த வைக்கோல் குவியலுக்குப் பின்னால், அவனிடமிருந்து முப்பதடி தள்ளி இருந்தேன். இருவரும் காக்கி நிறச் சட்டை. அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

சூரியன் புதருக்கு மேல் ஏறியதும் சேவல் மயில் வந்தது. நேற்றையதைவிடப் பெரியது. வயலைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கத்து வரப்பில் ஏறி, சிராஜின் குடையைப் பார்த்து நின்று, தோகையை விரித்தது. எனக்கு அது பக்கவாட்டில் தெரிந்தது. கழுத்தின் நீலத்தில் வெயில் ஓடியது. பின்னணியில் பழுத்த நெல். பதினோரு வருடமாக நான் தேடியது என் கேமராக் கண்ணாடிக்குள் வந்து நின்றது. அதுவும் சிராஜிடம் இருக்கிற கோணத்தைவிட நல்ல கோணம். அவனுக்கு நேர் முகம். எனக்கு முழு உடம்பும் தோகையின் வளைவும். அந்த நொடியில் நான் நினைத்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாமனார் வீட்டுச் சுவரைத்தான்.

அப்போது தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். மயில் ஒரு அடி விலகி மறுபடி ஆடியது. தவளையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவதாக ஒன்று, சர்ரென்று காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து, சிராஜின் குடைக்குப் பக்கத்தில் சேற்றில் புதைந்தது. இப்போது கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன்.

கால்வாய்க் கரையில் பேச்சியம்மாள் நின்றார். அவர் கண்ணுக்கு நேரே சூரியன். ஒரு மயில் வரப்பில் ஆடுகிறது. இன்னொரு மயில் நெல்லுக்கு நடுவே தோகையை விரித்துக்கொண்டு, இரண்டு கல் விழுந்தும் அசையாமல் கிடக்கிறது. உண்டிவில்லைக் காதுவரை இழுத்துப் பிடித்திருந்தார். குறி குடையின் நடுவே.

சிராஜுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவன் கண் கேமராவில். அவனுக்கு முன்னால் இருந்த உலகம் முழுவதையும் அந்தத் தோகை மறைத்திருந்தது.

எழுந்தேன். "சிராஜ்! குனிலே!" என்று கத்தினேன். இவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அவன் குனியவில்லை. கோபத்தோடு சட்டென்று என் பக்கம் திரும்பினான். அந்தத் திருப்பம்தான் அவனைக் காப்பாற்றியது. கல் இறகுகளைத் துளைத்துக்கொண்டு வந்து, அவன் கன்னம் இருந்த இடத்தைக் கடந்து, காது நுனியைக் கிழித்துக்கொண்டு போனது. மயில் எழும்பிப் பறந்தது. என் படமும் அதோடு பறந்தது.

சிராஜ் குடையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அவன் முதலில் சொன்னது இதுதான்: "என்ன மச்சான், வேணும்னே கெடுத்துட்டியளா?"

சொல்லிக்கொண்டே காதைத் தொட்டான். விரலைப் பார்த்தான். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"எம்மா! ஆளா அது?" என்று கரையிலிருந்து ஒரு அலறல். பேச்சியம்மாள் நெல்லை மிதித்துக்கொண்டே ஓடி வந்தார். மயில் மிதிக்கிறதென்று முந்தின நாள் நொந்தவர் அவர்தான். வந்தவர் சிராஜின் முகத்தை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் இருக்கிறதா என்று பார்த்தார். இருக்கிறது என்று தெரிந்ததும் வசவு தொடங்கியது.

"ஏலே, உனக்குக் கிறுக்கா? மயிலு வேசம் போட்டு என் வயலுக்குள்ள உக்காந்திருக்கியே! ரெண்டு கல்லு பக்கத்துல எறிஞ்சேன். அசல் மயிலு நகந்துச்சு. நீ நகரலையே! என்னா திமிருன்னு மூணாவதை நேராவே இழுத்தேன். உங் கண்ணு போயிருந்தா உங்க அம்மைக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன்?"

அவர் சிராஜுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, போலீசுக்குப் போவியளா? மயிலைக் குறி வச்சேன்னு வேற சொல்லுவாங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் சிராஜ் பதில் சொல்லிவிட்டான். "தப்பு என் மேலதாம்மா. உங்ககிட்டக் கேக்காம வந்து உக்காந்தது நான். நீங்க ஒண்ணும் பயப்படாதிய. போலீசுக்கெல்லாம் போக மாட்டோம்." காதிலிருந்து சட்டைக் காலர் வரை ரத்தம் வழிந்துகொண்டிருக்க, அவ்வளவு நிதானமாகச் சொன்னான். நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? நல்லவனாகவும் இருக்கிறானே என்று அந்த நேரத்திலும் எனக்கு அவன் மேல் ஒரு கடுப்பு.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கிளினிக்கில் இரண்டு தையல், ஒரு ஊசி. டாக்டரிடம் உடைமுள் கிழித்தது என்றோம். அவர் நம்பவில்லை, கேட்கவும் இல்லை. வெளியே வந்ததும் ஊருக்குப் போவோம் என்று வண்டியைத் திருப்பினேன். சிராஜ் வேண்டாம் என்றான். மறுபடி வயலுக்குப் போனோம். பேச்சியம்மாளின் கணவர் அறுப்புக்கு ஆள் பேசப் போனவர் மதியம்தான் வருவார் என்று அவர் காலையில் சொல்லியிருந்தார். அதுவரை மூன்று பேரும் மூன்று வரப்பில் நின்று தகரம் தட்டினோம். கேமரா பைக்குள்ளேயே இருந்தது. மயில்கள் புதர் ஓரத்தில் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன.

"மச்சான், நீங்க அப்ப படம் எடுக்கிற நெலமையிலயா இருந்திய?" என்று சிராஜ் நடுவில் கேட்டான்.

"ஆமா."

"நல்ல கோணமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் தகரம் தட்டினான். "நான் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

குடையை அன்றே பிரித்துவிட்டோம். பேச்சியம்மாள் அதை வயலில் நட்டு வைக்கக் கேட்டார். அதைப் பார்த்தால் இன்னும் பத்து மயில் சண்டைக்கு வரும் என்று சொன்னதும், "அப்ப அதைக் கண் காணாத எடத்துக்குக் கொண்டு போங்க" என்றார். அவிழ்த்த இறகுகளைப் புதருக்குள்ளேயே விட்டுவிட்டோம்.

ஊர் திரும்பியதும் வீட்டில் நடந்ததைக் கேட்பீர்கள். கதையைச் சிராஜ்தான் சொன்னான். நன்றாகச் சொல்வான். "மச்சான் சத்தம் போடலைன்னா கண்ணு போயிருக்கும்" என்று என் பங்கை ஒன்றுக்கு இரண்டாகவே சொன்னான். மாமியார் என் கையைப் பிடித்து அழுதார். "அவனுக்கு ஹயாத்து கெட்டி, நீங்க கூட இருந்திய" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு நிமிடம். பிறகு எல்லோரும் அவன் காதுக் கட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். நெஞ்சைத் திறந்து தையல் போட்ட மாதிரி ஆளாளுக்குக் கோழி ரசம் கொண்டுவந்தார்கள். என் மனைவிகூட அவனுக்குத்தான் முதலில் ஊற்றினாள். கல் என் மேல் பட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். அவ்வளவு மோசமாகப் போய்விட்டது என் நிலைமை.

இந்தப் பக்கம் மயில் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சில உண்டு. மாசிக் கடைசியிலிருந்து சேவல்களுக்குத் தோகை நிறைந்திருக்கும். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை நான்கரைக்கு மேல் நல்ல நேரம். யார் வயலானாலும் உரியவரைத் தேடிப் பிடித்து, எங்கே உட்காரப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். நேற்றுச் சொன்னது இன்றைக்குச் செல்லாது. மறைவாக இருப்பதற்கு மண் நிறத் துணி போதும், ஆனால் முதுகுப் பக்கம் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்று தொங்கட்டும். மயில் உங்கள் முதுகைப் பார்க்கப் போவதில்லை, மனிதர்கள் பார்ப்பார்கள். பறவை வேடத்தில் எதையும் முன்னால் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பறவையை ஏமாற்றுகிற அளவுக்கு அது நன்றாக இருந்தால் மனிதனையும் ஏமாற்றும். உங்களையே அது குருடாக்கிவிடும் என்பது அதைவிட மோசம். கூட ஒரு ஆள் இருக்கட்டும், அவர் கேமராவுக்குள் கண்ணை விடாமல் இருக்கட்டும். காட்டுப்பன்றிக்காகச் சில இடங்களில் மின்வேலி போடுகிறார்கள். இருட்டில் வரப்பில் நடக்காதீர்கள். இறகு பொறுக்குவது பற்றி வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், என்னை நம்பாதீர்கள். அலகைத் திறந்து மூச்சு வாங்குகிற பறவை உங்களிடம் போதும் என்று சொல்கிறது. அதைப் பொறாமைக்காரன் ஒருவன் எடுத்துச் சொன்னாலும் கேளுங்கள்.

சிராஜ் ஷார்ஜாவுக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, காதுத் தையல் பிரித்த பிறகு, மறுபடியும் போனோம். பேச்சியம்மாள் அறுவடையை முடித்திருந்தார். முதல் நாளே போனில் கேட்டுக்கொண்டோம். "வாங்க, இப்ப சிந்தின நெல்லைப் பொறுக்கத்தான் வருதுக, தின்னுட்டுப் போகட்டும்" என்றார். களத்து ஓரத்தில் சாக்குத் துணியை இரண்டு கம்பில் கட்டி, பின்னால் அவருடைய பழைய ஆரஞ்சுச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, நான் ஒரு முனையிலும் அவன் ஒரு முனையிலும் உட்கார்ந்தோம். குடை இல்லை, சலசலப்பு இல்லை. ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப் போனது. கொக்கு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஏழரை மணிக்கு இரண்டு பேடைகள் வந்தன. பின்னால் சேவல். சண்டைக்கு வருகிற நடை இல்லை. தன் வீட்டு முற்றத்தில் நடக்கிற நடை. நெல்லைக் கொத்திக்கொண்டே வந்தது. களத்தின் நடுவில் நின்று யோசித்தது. என் பக்கம் ஒரு எட்டு வைத்தது. பிறகு திரும்பி, சிராஜ் இருந்த முனைக்கு நேராக, பன்னிரண்டடியில் போய் நின்று, பேடைகளைப் பார்த்துத் தோகையை விரித்தது.

எனக்குத் தெரிந்தது அதன் பின்பக்கம்தான்.

வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை, அன்றைக்குத்தான் நிஜமாக எரிந்தது. தொண்டையில் தூசு வேறு. இருமினால் போதும், பறந்துவிடும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அவன் கேமரா ஓயும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.